பதினொரு ஜிபி செருப்பு

புது கேமரா வந்து பத்து நாள் கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் ஓடியது. கோபுரம், காக்கை, கொடியில் காயும் துணி, எல்லாம் அம்சமாக வந்தன. அதே தைரியத்தில் நேரே வேலைக்குப் போயிருந்தால் மானம் போயிருக்கும்.

வேலை, சுவாமிமலையில் சிலை வார்ப்பைப் படமெடுப்பது. நாலு நாள் முன்னாலேயே பட்டறைக்குப் போய், "சும்மா ஒரு ஒத்திகைங்கய்யா" என்றேன். பெரியவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது இடுப்பில் சலவை வேட்டி.

ஐப்பசி மாதம், ராத்திரி பெய்த மழையின் ஈரம். ஏசி காரிலிருந்து இறக்கிய பையைத் திறந்ததுமே லென்ஸ் முழுக்க நீராவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடியும் பூத்தது. இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் கடைசி அரை மணி நேரம் காரில் ஏசி கிடையாது. உதவிக்கு வரும் பையன் முணுமுணுக்கிறான்.

அன்றைக்கு ஒரு சின்ன விளக்குக்கு வார்ப்பு இருந்தது. மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, அதற்கு மேலும் மண் அப்பி, கம்பி கட்டிக் காயவைத்திருப்பார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். அது இருந்த இடத்தில்தான் உலோகம் போய் நிறைய வேண்டும். இந்த மண் அச்சைக் குழியில் நிறுத்தி, சுற்றிலும் மண்ணை அணைத்து ஊற்றுகிறார்கள். சில நொடிதான். 'இன்னொரு டேக்' என்ற பேச்சே கிடையாது.

உலைக்குக் காற்றடிக்கும் புளோயர் சத்தத்தில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. உலோகம் உருக்கும் மூசையிலிருந்து மஞ்சளாக இறங்கிய அந்த ஒழுக்கை, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலில் வளைத்து வளைத்து எடுத்தேன். "எடுத்தாச்சா தம்பி?" "எடுத்தாச்சுங்கய்யா!"

டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்தேன். கிம்பல் பிடியிலும் ரெக்கார்ட் பட்டன், கேமராவிலும் ரெக்கார்ட் பட்டன். ஒன்றை அழுத்தி ஓடவிட்டு, பதற்றத்தில் மற்றதையும் அழுத்தி நிறுத்தியிருக்கிறேன். வார்ப்பு முடிந்து நிறுத்துவதாக நினைத்து அழுத்தியபோதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது. கார்டில் இருந்தது மண் தரை, என் செருப்பு, "சூப்பருங்கய்யா" என்ற என் குரல். பதினொரு நிமிடம். நான் வைத்திருந்த 4கே தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி.

முன்னால் எடுத்த காட்சிகளிலும் சுவரில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. கேமராவின் சின்னத் திரையில் இது கண்ணில் படவே இல்லை. பட்டறையில் பழைய சோக் போட்ட டியூப்லைட்டுகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அவை நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் ஃபிரேமுக்குச் சரியாக இரண்டு மினுங்கல், பட்டை வராது. இந்தக் கேமராவோ பெட்டியில் வந்தபடியே நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/60. கல்யாண வீடுகளில் பத்து வருஷமாக பழைய கேமராவை 1/50-லேயே வைத்து ஓட்டியவனுக்கு இது நினைவுக்கே வரவில்லை. 25 ஃபிரேமுக்கு மாற்ற 'பால்' (PAL) என்ற வீடியோ முறைக்குப் போனால் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. படப்பிடிப்பு நடுவில் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்!

வேட்டி இன்னொரு கதை. பிறகு நிறம் திருத்த வசதியாக மங்கலாகப் பதியும் 'லாக்' முறையில் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டி எடுப்பது நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று கூட்டியிருந்தேன். வாசல் வெயிலில் நின்ற பெரியவரின் இடுப்புக்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள், ஒரு மடிப்புகூட இல்லை.

திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். செருப்பைப் பார்த்துச் சிரித்தவர், "அப்ப சலவை வேட்டி கட்டினது வீணா தம்பி?" என்றார். அதுவே ஒரு பிரச்சினை என்று அந்தக் காட்சியையும் காட்டினேன்.

படப்பிடிப்பு அன்று கரியும் மெழுகும் படிந்த வேட்டியோடு வந்தார். கேமரா பட்டன்மேல் நான் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் குனிந்து பார்த்து, "இதுக்கு என்ன, காயமா?" என்றார்.