நிதி தருபவர்களின் மாநாட்டுக்குக் கிளம்புமுன்

கலைகளுக்கு நிதியுதவி செய்யும் அறக்கட்டளையில் வேலை என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சொகுசாகத்தான் தெரியும். நாடகம் பார்க்கலாம், கண்காட்சிக்குப் போகலாம், போகிற இடமெல்லாம் மரியாதை. எல்லாம் உண்மைதான், ஆனால் சிக்கலே அந்த மரியாதையில்தான் இருக்கிறது. நம் கையெழுத்தில் பணம் வரும் என்று தெரிந்த பிறகு யாரும் நம்மிடம் மனம் விட்டுப் பேசமாட்டார்கள். விண்ணப்பப் படிவம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ரொம்ப எளிமையா இருக்கு" என்பார்கள். அதே படிவத்தை நிரப்புவதற்காக ஒத்திகையை நிறுத்திவிட்டு ஒரு சின்னக் குழு நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்.

அதனால்தான் இந்த வருஷம் கலை நிதியாளர்களின் மாநாட்டுக்குப் போகட்டுமா என்று அலுவலகத்தில் கேட்டபோது நான் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: அங்கே வருகிறவர்களுக்கு என் தயவு தேவையில்லை, என் படிவம் மோசம் என்றால் மோசம் என்றே சொல்லிவிடுவார்கள்.

எந்த மாநாடு என்பதிலும் யோசிக்க இருக்கிறது. உலகக் கலை பண்பாட்டு உச்சி மாநாடு என்று ஒன்று, 2000-இல் ஒட்டாவாவில் தொடங்கியது, 2023-இல் ஸ்டாக்ஹோமில், 2025-இல் சியோலில் நடந்தது. அதை முன்நின்று நடத்துவது நாடுகளின் கலைக் குழுமங்கள், அதாவது அரசுப் பணத்தைக் கலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புகள், சேர்ந்த கூட்டமைப்பு. அமெரிக்காவில் கிரான்ட்மேக்கர்ஸ் இன் தி ஆர்ட்ஸ் அமைப்பு நடத்தும் மாநாட்டில் தனியார் அறக்கட்டளைக்காரர்களும் கணிசமாக இருப்பார்கள். இரண்டு கூட்டத்தின் கவலைகளும் வேறு. பிரிட்டனில் 1946-இல் கலைக் குழுமம் உருவானபோது பணம் அரசினுடையது, யாருக்குக் கொடுப்பது என்பது மட்டும் குழுமத்தின் முடிவு என்று ஓர் இடைவெளி வைத்தார்கள். அரசுப் பணத்தைக் கையாள்பவர்கள் இன்றுவரை அந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான் போராடுகிறார்கள். எங்களைப் போன்ற தனியார் அறக்கட்டளைக்குப் பதில் சொல்லவேண்டிய இடம் அறங்காவலர் குழு ஒன்றுதான், அதிலுள்ளவர்களின் ரசனை உட்பட. அதனால் எனக்கு இரண்டாவது வகைக் கூட்டம்தான் பயன்படும்.

அப்புறம் நிகழ்ச்சி நிரல். தலைப்பில் 'எதிர்காலம்' என்ற சொல் இருக்கும் அமர்வுகளை நான் யோசிக்காமல் அடித்துவிடுவேன். ஏற்கெனவே செய்து பார்த்த ஒன்றை, அது எங்கே இடித்தது என்பதோடு சேர்த்துச் சொல்லும் அமர்வுதான் எனக்கு வேண்டும். அயர்லாந்து 2022-இல் தொடங்கிய கலைஞர்களுக்கான அடிப்படை வருமானச் சோதனைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ, மூன்று ஆண்டுகளுக்கு. தகுதியுள்ளவர்கள் 8,000 பேருக்கு மேல் இருந்தார்கள், அவர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தார்கள். பணத்தைவிட அந்தக் குலுக்கல்தான் என்னை இழுக்கிறது. எங்கள் தேர்வுக் குழுவில் கடைசிச் சுற்றுக்கு வரும் விண்ணப்பங்கள் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், அதற்குமேல் நடப்பது தேர்வா, அன்றைக்கு யார் குரல் ஓங்கியது என்பதா என்று எனக்குப் பல தடவை சந்தேகம் வந்திருக்கிறது. குலுக்கலில் விடுபட்டவருக்கு 'உங்கள் படைப்பைப் பற்றி இதில் எந்தத் தீர்ப்பும் இல்லை' என்று நேர்மையாக எழுதலாம். நாங்கள் அனுப்பும் நிராகரிப்புக் கடிதத்திலும் ஏறக்குறைய அதே வாக்கியம் இருக்கிறது, யாரும் நம்புவதில்லை. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த யாராவது பேசவந்தால் முதல் வரிசையில் உட்காருவேன்.

ஆனால் நான் முக்கியமாக எடுத்துப்போகும் கேள்வி வேறு. எங்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், அநேகமாக எல்லா அறக்கட்டளைகளின் படிவத்திலும், இது இருக்கும்: 'நிதியுதவி முடிந்தபின் இந்தப் பணியை எவ்வாறு தொடர்வீர்கள்?' வில்லியம் பௌமால், வில்லியம் போவென் என்ற பொருளியலாளர்கள் 1966-லேயே இதைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டார்கள். மற்ற தொழில்களில் இயந்திரம் வந்து உற்பத்தி பெருகும், கூலியும் ஏறும். நால்வர் வாசிக்கும் ஓர் இசைக் கோவைக்கு அன்றும் நாலு பேர் வேண்டும், இன்றும் நாலு பேர் வேண்டும், நேரமும் குறையாது, ஆனால் அந்த நாலு பேரும் இன்றைய விலைவாசியில்தான் வாழவேண்டும். ஆக நிகழ்கலைக் குழுவின் பற்றாக்குறை பெரும்பாலும் நிர்வாகக் கோளாறு இல்லை, தொழிலின் இயல்பே அது. தெரிந்துகொண்டே அந்தக் கேள்வியைக் கேட்கிறோம், அவர்களும் டிக்கெட் விற்பனை, பயிற்சிப் பட்டறை, புரவலர்கள் என்று ஒரு கதை எழுதித் தருகிறார்கள். கலைக்கு நிதி தரும் நாங்கள் வருஷா வருஷம் கேட்டு வாங்கும் புனைகதை அது ஒன்றுதான்!

ஃபோர்டு அறக்கட்டளை 2016-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் அமைப்புகளுக்கு ஐந்தாண்டுக்கு நிதி என்று உறுதி கொடுத்து, வாடகைக்கோ சம்பளத்துக்கோ தேவைப்படி செலவழித்துக்கொள்ள நிறைய இடம் விட்டது. அவ்வளவு பெரிய இடத்தில் செய்ய முடிந்ததைச் சின்ன இடத்தில் எப்படிச் செய்வது? கடைசிப் பக்கக் கேள்வியைத் துணிந்து எடுத்துவிட்டவர்கள் யார், அவர்களுடைய அறங்காவலர்கள் என்ன சொன்னார்கள், எப்படிச் சமாளித்தார்கள்? இதைத் தெரிந்துகொண்டு வந்தால் போதும், மற்ற அமர்வுகள் எல்லாம் போனால் போகட்டும்.

இதற்கான பதில் மேடையில் கிடைக்காது. அதனால் எங்கள் அளவிலான அறக்கட்டளைகளில் இருக்கும் சிலருக்கு இப்போதே எழுதி, தேநீர் இடைவேளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வைக்கிறேன். படிவத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டால் நேரே விஷயத்துக்கு வரலாம். கூட வரும் சக ஊழியரிடம் என் பக்கத்தில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரே அலுவலகத்துக்காரர்கள் ஒரே அமர்வில் இருப்பது வீண்செலவு. பதிவுக் கட்டணம், பயணம், அறை எல்லாம் கூட்டினால் ஒரு கலைஞருக்குச் சிறு நல்கையே கொடுத்துவிடலாம் என்ற கணக்கு என் தலைக்குள் ஓடாமல் இல்லை. மாலை நிகழ்ச்சியில் பாடவோ ஆடவோ அழைக்கப்படுகிறவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் தருகிறீர்களா என்று அமைப்பாளர்களிடம் கேட்டு ஒரு மின்னஞ்சலும் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. எங்களுக்கும் பெரிய அறக்கட்டளைகளின் கூட்டு நிதி வேண்டும், மேலிடத்தில் அதற்கான பட்டியலே கொடுத்தனுப்புகிறார்கள். அவர்கள் முன்னால் போய் நின்றால் நானும் விண்ணப்பதாரர்தான். அவர்கள் படிவத்தைப் பற்றி என்னிடம் கேட்டால் "ரொம்ப எளிமையா இருக்கு" என்றுதான் சொல்வேன், எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சந்திப்புகளை எல்லாம் கடைசி நாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.