உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் தாதியாகப் பணியைத் தொடங்கிய நாளில், நோயாளியின் பதிவுப் பாரத்தில் மிக எளிதாக நிரப்பக்கூடியது என்று நான் எண்ணிய கட்டம் ‘பென்ஜாகா’. மலாய் மொழியில் அது பார்த்துக்கொள்பவரைக் குறிக்கும். அதன் வேரான ‘ஜாகா’ விழித்திருத்தலைச் சுட்டும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘ஜாக்கிரதை’யும் அதே வேரில் பிறந்ததுதான். தோட்டத்து மக்களுக்குக் காவலாளியே ஜாகா என்பதால், அந்தக் கட்டத்தை நிரப்ப, “உங்களை யார் பார்த்துக்கிறாங்க?” என்றுதான் கேட்பேன்.

எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியிடமும் அப்படித்தான் கேட்டேன். இளமையில் ரப்பர் மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகும் பழைய லயத்தை, தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளை, விட்டுப் போகாதவர். “மகன் பார்க்க வருவான், மிசி” என்றார். நான் மகனின் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டேன். சில வாரங்களில் அவருடைய உள்ளங்காலில் புண் வந்தது. புண்ணிலிருந்து எடுத்த மாதிரியின் முடிவு வந்ததும், உடனே அழைத்து வரச் சொல்ல மகனின் எண்ணுக்கு அழைத்தோம். இரண்டு நாளாக யாரும் எடுக்கவில்லை. பாட்டி ஒரு விரலை இழந்தார். அடுத்த வீட்டு அக்காள் என்னிடம் வந்து, “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேனே” என்றபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நீரிழிவால் கால் மரத்துப்போனவருக்கு ஆணி குத்தினாலும் வலி தெரியாது. நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதுதான் காப்பு. குனிய முடியாதவர் தம் உள்ளங்காலைத் தாமே பார்க்க முடியாது. செம்பனை ஆலையில் வேலை முடிந்து வரும் அந்த அக்காள், பாட்டியின் காலைத் தம் மடியில் வைத்து, கைபேசி விளக்கை அடித்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதைப் பின்னர் வீட்டுக்குச் சென்றபோது நேரில் கண்டேன். புண்ணை முதலில் கண்டு, பாட்டியைக் கிளினிக்குக்கு அனுப்பியவரும் அவர்தான்.

பாட்டி எனக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தார். மகன் ‘பார்க்க’ வருவான் என்றாரே தவிர, ‘பார்த்துக்கிறான்’ என்று சொல்லவில்லை. தமிழில் ‘பார்’ என்பதோடு ‘கொள்’ சேரும்போது, பார்த்தது பார்ப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது. “நான் பார்த்துக்கிறேன், நீ போ” என்று வேலைக்குப் புறப்படும் மகளிடம் ஒரு தாய் சொல்லும்போது அந்தக் ‘கொள்’ளில்தான் முழு உறுதியும் இருக்கிறது. அதே சொல் சண்டையில் “உன்னைப் பாத்துக்கிறேன்” என்று மிரட்டலாகவும், சோம்பலில் “அப்புறம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போடுதலாகவும் ஆவதையும் மறுப்பதற்கில்லை. கங்காணி என்ற பெயரும் கண்ணால் காண்பதிலிருந்தே வந்தது. ஊரில் ஆள் சேர்த்து வந்து தோட்டத்தில் மேற்பார்த்தவரை அப்படி அழைத்தார்கள். உடலுழைப்பாளர் இவ்வாறு பயண உதவி பெற்று மலாயாவுக்குக் கடல் கடப்பதை 1938இல் இந்தியா தடைசெய்யும்வரை நடந்த அந்த ஏற்பாட்டில் பார்வை நிறைய இருந்தது. கொள்ளுதல் எவ்வளவு இருந்தது என்பதை லயத்துப் பெரியவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

தமிழ்நாட்டில் செவிலியர் என்றும் இங்கே தாதி என்றும் அழைக்கப்படும் எங்கள் பெயர்கள் இரண்டும், ஒரு காலத்தில் பெறாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவளைக் குறித்தவை. அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டு, பெற்ற மகன்தான் பார்த்துக்கொள்வார் என்று கேளாமலே முடிவு செய்த என் பிழை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம், “பாட்டி, உங்க உள்ளங்காலை யார் பார்க்கிறாங்க?” என்று கேட்கிறேன். பதில் வரச் சற்று நேரமாகும், காத்திருப்பேன். அந்தப் பாட்டியின் பாரத்தில் மகனின் பெயருக்கு மேலே அக்காளின் பெயரை எழுதி, உறவைக் கேட்கும் கட்டத்தில் ‘ஜீரான்’, அண்டை வீட்டார், என்று குறித்தேன்.