பெயர் சங்கத்துடையது, விரல் என்னுடையது

எங்கள் அறிவியல் சங்கத்தின் சமூக ஊடகக் கணக்குகளை ஆறு ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பொறுப்பு வந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. செயற்குழுக் கூட்டத்தில் 'இதெல்லாம் யாருக்குத் தெரியும்?' என்று கேட்டார்கள். இருந்தவர்களில் வயதில் சிறியவன் நான். கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் ஆண்டு மாநாட்டில் கால் தரையில் பாவவில்லை. அமர்வுக்கு அமர்வு ஓடி, படமெடுத்து, பேசுபவர் நன்றி சொல்வதற்குள் பதிவு போட்டுவிடுவேன். இரண்டாம் நாள் முனைவர் பட்ட மாணவி ஒருவர் பேசினார். அவர் காட்டிய வரைபடம் அவ்வளவு தெளிவு. ஸ்லைடை அப்படியே படமெடுத்து, அவர் பெயரையும் சேர்த்துப் போட்டேன். அவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைப்பு.

தேநீர் இடைவேளையில் என்னைத் தேடி வந்தார். "சார், அந்தப் படத்தை எடுத்துட முடியுமா?" கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. குரல் நடுங்கியது. அந்த முடிவு இன்னும் எங்கும் வெளியாகவில்லை. கட்டுரையை அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தார். அதே கேள்வியை வேறு குழுக்களும் துரத்திக்கொண்டிருந்தன. அரங்கில் உட்கார்ந்திருந்த சிலருக்கு நம்பிக் காட்டியதை நான் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். போதாக்குறைக்கு, வரைபடத்தின் கடைசிப் புள்ளியை இன்னும் சரிபார்க்கவில்லை என்று மேடையிலேயே சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொன்னபோது நான் குனிந்து பதிவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

உடனே நீக்கினேன். ஆனால் அதற்குள் பலர் பகிர்ந்திருந்தார்கள். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அது யார் கையில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மாநாட்டுக்கு முன் இதைச் செயற்குழுவில் வைத்தேன். பேச்சாளர் வேண்டாம் என்று சொல்லாதவரை படமெடுக்கலாம் என்றார்கள் சிலர். பல மாநாடுகளில் ஸ்லைடின் மூலையில் குறுக்குக்கோடு போட்ட கேமராப் படம் இருக்குமே, அந்த ஏற்பாடு. எனக்கு ஒப்பவில்லை. முதல்முறை மேடையேறும் மாணவருக்கு அந்தச் சின்னத்தை வைக்கவே துணிவு வராது. கேட்டு வாங்கிய பிறகே படம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பதிவுகள் பாதியாகக் குறைந்தன. குறையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு பாடம் எலிகளிடமிருந்து வந்தது. உறுப்பினர் ஒருவரின் கட்டுரை வெளியானது: ஒரு சேர்மம் நரம்புச் சிதைவைத் தாமதப்படுத்துகிறது, எலிகளில். ட்விட்டர் 2017 நவம்பரில் 140 எழுத்தை 280 ஆக்கியிருந்தாலும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது தாராளமில்லை. கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். 'எலிகளில்' என்ற சொல்லுக்கு எட்டு இடம் போய்விடும். வாக்கியம் நீண்டது, அந்த எட்டை வெட்டினேன். மறுநாள் காலை ஒரு செய்தி வந்திருந்தது. "என் அம்மாவுக்கு இந்த நோய்தான். மருந்து எப்போது கிடைக்கும்?" பதில் எழுத எனக்கு அரை நாள் ஆனது. ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர் 2019-இல் இதற்கென்றே ஒரு ட்விட்டர் கணக்கு தொடங்கினார். பரபரப்பான மருத்துவச் செய்திகளைப் பகிர்ந்து, மேலே 'எலிகளில்' என்று மட்டும் சேர்ப்பார். எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2010 நவம்பர் கடைசியில் நாசா ஒரு செய்தியாளர் சந்திப்பை அறிவித்தது. வேற்றுலக உயிர்களைத் தேடுவதில் தாக்கம் செலுத்தும் கண்டுபிடிப்பு என்றது அறிவிப்பு. வேற்றுக்கிரக உயிரே கிடைத்துவிட்டது என்று இணையம் கொதித்தது. வெளியானதோ கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த ஒரு பாக்டீரியா, உயிர்களுக்கு அவசியமான பாஸ்பரசுக்குப் பதில் நஞ்சான ஆர்செனிக்கைப் பயன்படுத்துகிறது என்ற கட்டுரை. 2012-இல் இரண்டு ஆய்வுகள் அதை மறுத்தன. 2025-இல் 'சயின்ஸ்' இதழ், ஆசிரியர்களின் எதிர்ப்பையும் மீறிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கட்டுரையில் பிழை இருக்கலாம். அறிவியலில் அது நடக்கிற காரியம். ஆனால் அந்த ஒற்றை வரி அறிவிப்பு அதன்மேல் ஏற்றிய சுமையை எந்தக் கட்டுரையும் தாங்கியிருக்காது. வரைவு எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும்.

எலிப் பதிவை நான் நீக்கவில்லை. அதன் அடியிலேயே திருத்தம் எழுதி, தனிப் பதிவாகவும் போட்டேன். மாணவியின் படம் அடுத்தவர் பொருள். அது போகத்தான் வேண்டும். இது எங்கள் பிழை. சத்தமில்லாமல் துடைத்தால் சங்கம் ஒளிக்கிறது என்றாகிவிடும். திருத்தத்தைப் பார்த்தவர்கள் மூலப் பதிவைப் பார்த்தவர்களில் சொற்பம். ட்விட்டர் வதந்திகளை அலசி 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் ஆனதாகக் கண்டது. எங்கள் திருத்தம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒருமுறை இரவில் என் சொந்தக் கணக்கென்று நினைத்து, ஓர் அரசியல் கிண்டலுக்குச் சங்கத்தின் கணக்கிலிருந்து லைக் போட்டுவிட்டேன். ஏழெட்டு நிமிடம்தான். காலையில் தலைவரின் அழைப்பு வந்தது. அன்றே சங்கக் கணக்கை என் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு அலுவலகக் கணினியில் மட்டும்தான்.

அந்த மாணவியின் கட்டுரை இரண்டு ஆண்டு கழித்து வெளியானது. இணைப்பை அவரே அனுப்பி, "இப்போ போடலாம் சார்" என்று எழுதியிருந்தார். வரைவை முதலில் அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார். 'நிரூபிக்கிறது' என்று நான் எழுதியிருந்த இடத்தில் 'உணர்த்துகிறது' என்று மாற்றியிருந்தார்.