கச்சானுக்கு எதிர்முகமாக இங்கினியாகலை வரை

ஆடி மாதத்தில் மட்டக்களப்புக்கு வரவேண்டாம் என்று வெளியூர் நண்பர்களிடம் சொல்கிற நானே, ஆடியில்தான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் கிளம்பினேன். கச்சான் வீசும்போது போனால்தான் எந்த நிலம் என்ன செய்கிறது என்பது உடம்பிலேயே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகி, ஈரமெல்லாம் தொலைந்து வருவதுதான் கச்சான். வெயிலும் அதே வெயில், காற்றும் அதே காற்று. ஆனால் வயலில் ஒரு மாதிரி, காடு வெட்டி எரித்துப் பயிரிடுகிற சேனையில் ஒரு மாதிரி, காட்டுக்குள் வேறு மாதிரி. மச்சானுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், இங்கினியாகலையில் குளத்து மீன் சாப்பிட்டால் போதும் என்று பின்னால் ஏறிக்கொண்டான்.

வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை. வீதியின் இரண்டு பக்கமும் வட்டை என்கிற வயல்வெளி, சிறுபோக நெல் கதிர் தள்ளுகிற நேரம். காய்ந்த தரிசைக் கடந்து வயல் தொடங்குகிற இடத்தில் முகத்தில் அடிக்கிற காற்று மாறுவதை மச்சான்கூட ஒத்துக்கொண்டான். இது வெறும் பச்சையைப் பார்த்த மனப்பிரமை இல்லை. 30 பாகை செல்சியஸில் இருக்கிற ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு சக்தி வேண்டுமோ, அதைப்போல எட்டு மடங்கு அதே தண்ணீரை ஆவியாக்கத் தேவை. வயல் ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் நீரை இழந்தால், சதுர மீற்றருக்கு 5 லீற்றர் ஆவியாகிப் போயிற்று என்று கணக்கு. நல்ல வெயில் நாளில் அந்தச் சதுர மீற்றரில் விழுகிற சூரிய சக்தியில் பாதிக்கு மேல் இதற்கே சரி. மிச்சம்தான் மண்ணையும் காற்றையும் சுடவைக்க. போதாததற்குத் தரிசிலிருந்து சூடாக வருகிற கச்சானும் தன் வெப்பத்தை வயலில் கொடுத்துத்தான் குளிர்கிறது. அந்த வெப்பமும் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது. வயலைச் சுற்றியுள்ள நிலம் காயக் காய வயலின் தாகமும் கூடுகிறது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்தப் பக்கம் உன்னிச்சைக் குளம். மாரியில் விழுந்ததைச் சேர்த்து வைத்து ஆடியில் திறந்துவிடுகிறோம். மட்டக்களப்பு நகரத்துக் குடிநீரும் இதே குளத்திலிருந்துதான். வயலின் குளிர்ச்சி இரவல் குளிர்ச்சி. குளத்து மதகை, அதுதான் துருசை, மூடினால் சில நாட்களிலேயே வட்டையும் தரிசு மாதிரிக் கொதிக்கும்.

கரடியனாற்றுப் பக்கம் ஏறிப் புல்லுமலை நோக்கிப் போகும்போது நிலம் திறந்துகொள்கிறது. வெட்டி எரித்த சேனை, சோளன் எடுத்த கட்டைகள், வெறும் மண். வண்டியை நிறுத்திக் கையை மண்ணில் வைத்தேன், உடனே எடுத்தேன். உச்சி வெயிலில் இப்படி வெறுமையான காய்ந்த மண்ணின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், வெளிறிய இந்த மண் காட்டைவிடக் கூடுதலான வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. கறுத்த காடுதான் அதிகம் விழுங்குகிறது. அப்படியிருந்தும் கொதிப்பது இதுதான், ஏனென்றால் செலவழிக்க இதனிடம் ஈரம் இல்லை.

மாட்டுப் பட்டியை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நாங்கள் மண்ணைத் தடவுவதைப் பார்த்துச் சிரித்தார். “முந்தி இதால மாடு போனா நிழல்லயே போகும் தம்பி. இப்ப பத்து மணிக்கே மாடு நிண்டுரும், நடக்காது. மறுகா மாரி வந்தா தண்ணி எல்லாம் ஓடிப் போயிரும், மண்ணுக்குள்ள இறங்குதில்ல.” மழைத்துளி நேரே அடித்து இறுகிப்போன மண்ணைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மயிலத்தமடு, மாதவனையில் மேய்ச்சல் தரையைப் பயிர்ச்செய்கைக்கு எடுப்பதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023இல் போராட்டம் தொடங்கியதைத் தெரிந்திருப்பீர்கள். அது முதலில் உரிமைப் பிரச்சினை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மரமும் புல்லும் கலந்த தரை சோளன் காணியாகும்போது அங்கே வெப்பத்தின் கணக்கும் மாறிவிடுகிறது.

மகாஓயாவிலிருந்து அம்பாறை வீதியில் காடு வருகிறது. பாலை, வீரை, முதிரை. மாதக்கணக்கில் மழையைக் காணாமலும் பாலை பச்சையாக நிற்பது ஆழத்தில் வேர் வைத்திருப்பதால். மாரியில் கீழே இறங்கிய நீரைக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எடுத்து ஆவியாக்குகிறது. மேடு பள்ளமான அந்தக் கூரை, மிஞ்சிய வெப்பத்தையும் காற்றோடு கலந்து மேலே அனுப்பிவிடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. மரம் சும்மா நிற்பதில்லை, குடிக்கிறது. காட்டை வெட்டினால் குளத்துக்கு ஓடிவரும் நீர் கூடவும் செய்யலாம், வண்டலோடு. மேற்கு அவுஸ்திரேலியாவில் ஆழ வேர் மரங்களை அழித்துக் கோதுமை விதைத்தார்கள். கோதுமை அவ்வளவு நீரை எடுக்காததால் நிலத்தடி நீர் உயர்ந்து உப்பையும் மேலே கொண்டுவந்து வயல்களையே கெடுத்தது. அங்கே முயல்களைத் தடுக்கப் போட்ட நீண்ட வேலியின் ஒரு பக்கம் இயற்கைப் புதர்க்காடு, மறுபக்கம் வயல். காட்டுப் பக்கத்தில்தான் மேகம் கூடுதலாகத் திரள்கிறது. நம் உலர் வலயம் அவ்வளவு வரட்சி இல்லை, ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் நமக்கு உலர் வலயம். ஆனாலும் மழை சில மாதங்களுக்குள் விழுந்து முடிவதால், ஆடியில் நாமும் அவர்களும் ஒரே கட்சி.

இங்கினியாகலைக்கு வந்து சேர்ந்தபோது மச்சானுக்குப் பசி தலைக்கேறியிருந்தது. மீன் நன்றாக இருந்தது, மேலே போவோம். கல்லோயா என்கிற பட்டிப்பளை ஆற்றை இங்கே மறித்துக் கட்டிய குளமான சேனநாயக்க சமுத்திரம் சுமார் 95 கோடி கன மீற்றர் கொள்ளளவு கொண்டது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கியபோது இங்கிருந்த பெருங்காடு குளமாகவும் வயலாகவும் கரும்புக் காணியாகவும் மாறத் தொடங்கியது. நிரம்பினால் 78 சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பு. ஆடியில் பாதிப் பரப்பு என்று வைத்து, நாளுக்கு 5 மில்லிமீற்றர் போகிறது என்றாலும், யாருக்கும் பாயாமல் ஏறக்குறைய 2 இலட்சம் கன மீற்றர் நீர் தினமும் வானத்துக்குப் போகிறது. குளத்துக்கு நீர் தருகிற காட்டைக் காக்க 1954இல் தேசியப் பூங்காவாக்கியது இந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனமான பகுதி என்பேன். குளங்களின் மேல்பக்கம் மரவரிசை விட்டுக் காற்றை மட்டுப்படுத்திய நம் பழைய குளக்காரர்களுக்கு இது புதிதில்லை. இன்று குளத்தைத் திருத்தும்போது கட்டுக்கும் மிகைநீர் வெளியேறும் வானுக்கும் காசு ஒதுக்குகிறார்கள், அந்த மரவரிசையை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

போக நினைப்பவர்கள் மார்கழியில் போகாதீர்கள், எல்லா மண்ணும் ஈரமாக இருப்பதால் வயலுக்கும் சேனைக்கும் காட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆடி, ஆவணியில் போங்கள், உச்சி வெயிலில் நிறுத்தி நிறுத்திப் போங்கள். ஒன்று, மகாஓயா–அம்பாறை வீதியை இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள். யானை வரும்.