டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் ஜெபிக்க வருகிறவர்களுக்கு

பினாங்கில் ரத்தச் சுத்திகரிப்பு மையங்களில் வேலை பார்க்கும் எங்களுக்கு, சபையிலிருந்து யாராவது ஜெபிக்க வந்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும். வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம் ஊசியோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஆள்துணை அவ்வளவு பெரிய ஆறுதல்.

வருகிற நேரம் முக்கியம். முதல் அரை மணி நேரம் மிஸ்ஸிமார் (தாதியர்) 2 ஊசி குத்தி, மெஷினில் இணைத்து, பிரஷர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில், உடம்பிலிருந்து தண்ணீர் நிறைய எடுபட்டிருப்பதால் பிரஷர் இறங்கலாம், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கலாம். இரண்டாம் மணி நேரம்தான் பேசவும் ஜெபிக்கவும் தோதானது.

கையைப் பிடித்து ஜெபிப்பது நம் வழக்கம். ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) உள்ள கையை விட்டு, மற்றக் கையைப் பிடியுங்கள். குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் ஓடுகிறது. ஊசி நழுவினால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. ஏர்கோன் குளிரில் நடுங்குகிறாரே என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடுகிறவர்கள் உண்டு. அன்பில் செய்வதுதான். ஆனால் போர்வைக்கடியில் ரத்தம் கசிந்தால் யார் கண்ணிலும் படாது, மெஷினும் எப்போதும் கத்தி எச்சரிக்காது. காலையும் தோளையும் போர்த்துங்கள், ஊசிக் கை வெளியே தெரியட்டும். துதிக்கும்போது இரு கைகளையும் உயர்த்தச் சொல்லவே வேண்டாம்.

பழக்கூடையும் யோசித்துத்தான். இளநீர், வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம். பிளிம்பிங் (நட்சத்திரப் பழம்) சிறுநீரக நோயாளிக்கு விஷம்.

“விசுவாசம் இருந்தால் டயாலிசிஸ் எதற்கு?” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். சிகிச்சையைத் தவறவிட்டால் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். வியாதியில் சாகக்கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், கர்த்தர் ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதே அதிகாரத்தில்தான் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா (ஏசாயா 38). ஜெபமும் மருந்தும் அங்கே சண்டைபோடவில்லை.

எதற்காக ஜெபிப்பது என்பதை அவரிடமே கேளுங்கள். பார்வையற்ற பர்திமேயுவிடமே “நான் உனக்கு என்ன செய்யவேண்டும்” என்று இயேசு கேட்டாரே (மாற்கு 10:51). எல்லாரும் முதலில் சுகத்தைக் கேட்பதில்லை. தாகம் தாங்க முடியவில்லை என்பார் ஒருவர். அவருக்கு நாள் முழுவதற்கும் ஒரு லிட்டருக்குள்தான் தண்ணீர். வேலை போய்விட்டது, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) படிவம் புரியவில்லை என்பார் இன்னொருவர். முதலாமவருக்காக ஜெபித்துவிட்டு, அவர் முன்னால் தே தாரிக் குடிக்காதீர்கள். இரண்டாமவருக்காக ஜெபித்த கையோடு படிவத்தை எடுத்து உட்காருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து வருகிறவரிடம், அடுத்த தடவைக்கு வண்டி இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் சபையில் யார் ஏற்றி வருவது என்று பேசி முடிவுசெய்துவிட்டுப் புறப்படுங்கள்.