அடுத்தடுத்த நாள் ஓட்டம்: வேலூர் வெயிலில், வேலூர் சாலையில்

ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடிப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் “தினமும் ஓடினால் என்ன?” என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். ஓடலாம். ஆனால் இரண்டாம் நாள் எப்படி இருக்கும் என்பதை முதல் நாள் வேகமே முடிவு செய்துவிடுகிறது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் குதிகால் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்ற தைரியத்தில் மறுநாளும் வேகம் பிடிப்பவருக்கு அடி விழுவது இந்த இடைவெளியில்தான்.

அதனால் முதலில் தூரத்தைக் கூட்டாதீர்கள், பிரியுங்கள். செவ்வாய், வியாழன், சனி தலா 5 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்றால் அதே 15-ஐ செவ்வாய் 4, வியாழன் 4, சனி 4, ஞாயிறு 3 என்று மாற்றி மூன்று வாரம் ஓடுங்கள். ஞாயிறு ஓட்டத்தில் பக்கத்தில் வருபவரிடம் நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்டு, அவர் திருப்பிக் கேட்டால் மூச்சு அறுபடாமல் பதிலும் சொல்ல முடியவேண்டும். முடியவில்லையா, வேகம் அதிகம். முதல் ஐந்து நிமிடம் நடைதான்.

ஓடும் இடத்தையும் மாற்றவேண்டும். எதிரே வரும் வண்டி தெரியவேண்டும் என்று சாலையின் வலது ஓரத்தில் ஓடுவது சரியான பழக்கம். ஆனால் தார்ச்சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். திரும்பி வரும்போதும் வலது ஓரமே என்பதால், போக வர இரண்டிலும் வலது கால்தான் பள்ளத்தில் விழுகிறது. ஒருநாளைக்குத் தாங்கும். தொடர்ந்து நான்கு நாள் என்றால் இடுப்பும் முழங்காலின் வெளிப்பக்கமும் வலிக்க ஆரம்பிக்கும். ஒருநாள் சாலை என்றால் மறுநாள் மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலாற்று மணல் மிருதுவாக இருக்கிறதே என்று இரண்டாம் நாள் அங்கே இறங்கவேண்டாம். மணலில் குதிகால் புதையப் புதைய கெண்டைக்கால் தசை கூடுதலாக இழுபடும். ரத்தினகிரி மலைக்கோயில் படிகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பதம் பார்க்கும். அந்த வலி உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும் என்பதால், மறுநாள் ஓட்டம் இருந்தால் மலை வேண்டாம்.

இந்த ஊரில் தொடர் ஓட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். விடியற்காலை ஐந்து மணிக்கே சட்டை நனைந்துவிடும். ஓடுவதற்கு முன்னும், வந்து வியர்வையைத் துடைத்தபின் ஈர உடையைக் கழற்றிவிட்டும் எடை பாருங்கள். 800 கிராம் குறைந்திருந்தால் அது கிட்டத்தட்ட 800 மில்லி தண்ணீர். அடுத்த சில மணி நேரத்தில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, சிறுகச் சிறுகக் குடிக்கவேண்டும். வெறும் தண்ணீராக இல்லாமல் உப்பும் சேரவேண்டும். இதற்கு மோர் விட்டு, உப்புப் போட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழைவிட நல்லதை நான் சொல்லமாட்டேன். தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சொம்பில் இருக்கிறது. இதைத் தவறவிட்டால் மறுநாள் அதே வேகத்தில் நாடித்துடிப்பு ஏறி நிற்கும்.

ஷூ இரண்டு ஜோடி இருந்தால் நல்லது. நேற்று நனைந்த ஷூவை வெயிலில் காயவைத்தால் ஒட்டுப்பசை விடும். பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி, நிழலில் காற்றாட வையுங்கள்.

இரண்டாம் நாள் காலை, கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வழக்கத்தைவிடப் பத்து கூடியிருந்தால் அன்று நடை மட்டும். பிறகு முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் தசை எலும்போடு ஒட்டும் இடம் புண்பட்டிருக்கிறது. தூரத்தைப் பாதியாக்கவேண்டும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று குத்தினால் அன்று ஓட்டமே கிடையாது. அது எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இந்த எச்சரிக்கையை வாயடைப்பதுதான், தயவுசெய்து வேண்டாம்.

இங்கிலாந்தின் ரான் ஹில் 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை ஒருநாளும் விடாமல் ஓடியவர். அவர் வைத்திருந்த குறைந்தபட்சக் கணக்கு ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். 52 வருடத்தைப் பார்த்து மலைப்பவர்கள் அந்த ஒரு மைலைக் கவனிப்பதில்லை. மார்பில் வலி வந்ததும் அவரும் நிறுத்தினார்.

கால் எலும்பில் நாணயம் அளவு இடத்தில் குத்தும் அந்த வலி நாலைந்து நாள் ஓய்வுக்குப் பிறகும் அப்படியே இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் உடனே ஓடிவிடாதீர்கள். மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐயில் தெரியும்.