கரிசல் மண்ணில் ஒரு கார் ஷெட்

கார் ஷெட் கட்டப் போகிறேன் என்றால் எங்கள் பக்கம் இரண்டு கேள்விதான் வரும். "வாடகைக்கு விடவா?" "ஒர்க்‌ஷாப்பு வைக்கப் போறியளா?" இரண்டும் இல்லை, என் வண்டியை நானே பிரித்து மாட்ட ஓர் இடம் வேண்டும் என்று சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அம்மாவே, "ஏய்யா, மனுசன் இருக்க வீட்டுக்கு வெள்ளையடிச்சு எத்தன வருசமாச்சு, காருக்கு வீடு கேக்குதோ?" என்றுதான் ஆரம்பித்தாள்.

வண்டிகள் இரண்டு. அப்பா ஓட்டிய பெட்ரோல் அம்பாசிடர், 1489 சிசி எஞ்சின். இன்னொன்று நான் ஆசைப்பட்டு வாங்கிய மாருதி 800. தினமும் ஓட்டுகிற வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது, அதற்கு இங்கே வேலை இல்லை. மனை திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில், மானூருக்குக் கொஞ்சம் முன்னால். பத்து சென்ட். சுத்தமான கரிசல்.

இந்த ஆசை உள்ளவர்கள் முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்டின் விலையும் டூல் கேபினட் படமும்தான் பார்ப்பார்கள். அதெல்லாம் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். மண்ணுக்கும் காற்றுக்கும் மழைக்கும் என்ன செய்யப் போகிறோம் என்பதை மட்டும் கடைக்கால் தோண்டும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். என் பணத்தில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மண்ணைப் பார்த்ததும் கொத்தனார் சொன்னது இது: "அண்ணாச்சி, கரிச மண்ணு சும்மா கெடக்காது. சித்திரையில வாயப் பொளக்கும், ஐப்பசியில பொங்கும். மேல கல்லப் போட்டாலும் தூக்கிரும்." அவர் சொன்னது அப்படியே சரி. ஈரம் பட்டால் ஊதுவதும் காய்ந்தால் சுருங்குவதும் இந்தக் களிமண்ணின் குணம். சாதாரண வீட்டில் தரை ஒரு நூல் விரிந்தால் பூசிவிட்டுப் போகலாம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தப் போகிற தரை அப்படி அசையக் கூடாது.

ஆறடி தோண்டியதும் சுக்கான் பாறை தட்டியது. தூண்களின் அடித்தளம் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்தது. தூண்களைத் தரை மட்டத்தில் பிளின்த் பீம் என்கிற கான்கிரீட் உத்தரம் போட்டுக் கட்டினோம். தரைக்கு வேறு வழி. ஷெட்டின் பரப்பு முழுக்க நாலடி ஆழத்துக்குக் கரிசலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, சரளை மண் அடித்தோம். முக்கால் அடி நிரப்பு, தண்ணீர் விடு, குத்தும் மிஷினை ஓட்டு, மறுபடி முக்கால் அடி. இதில்தான் ஆட்கள் அவசரப்படுவார்கள். நாலடியையும் ஒரே மூச்சில் நிரப்பி மேலே மட்டும் குத்தினால் அடியில் இறுகவே இறுகாது. பக்கத்திலேயே நின்று பார்க்க முடியாதவர்கள் இந்த வேலையைத் தள்ளிப் போடுவது நல்லது.

அதன் மேல் ஜல்லி, கனமான பாலித்தீன் தாள், கம்பி கட்டி ஆறு அங்குல கான்கிரீட், எம்25 கலவை. லிஃப்டின் இரண்டு தூணும் வருகிற இடத்தில் மட்டும் நாலுக்கு நாலடி சதுரத்தில் ஓரடி கனம். தரையைச் சுற்றுச் சுவரோடும் தூண்களோடும் ஒட்டவிடாமல் நடுவில் தெர்மாகோல் வைத்து இடைவெளி விட்டோம். சுவர் ஒரு பக்கம் அசைந்தாலும் தரையை இழுக்காது. வெளியே சுற்றிலும் மூன்றடி அகலத்துக்குச் சிமென்ட் நடை போட்டு, வெளிப்பக்கம் சரித்துவிட்டோம். கூரைத் தண்ணீர் அடித்தளத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் கரிசல் அங்கே மட்டும் ஊதும், செய்த வேலை அத்தனையும் வீண்.

மழை என்றால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பக்கம் கொட்டியது. நெல்லை ஜங்ஷன் பகுதி முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. முங்கிய காரை வெள்ளம் வடிந்ததும் ஸ்டார்ட் போட்டுப் பார்த்து, சிலிண்டருக்குள் இருந்த தண்ணீரால் கனெக்டிங் ராடு வளைந்தவர்கள் கதையை அதற்குப் பிறகு நிறையக் கேட்டேன். ஆகவே ரோட்டு மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தினேன். ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டியிருந்தது. அம்பாசிடருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வண்டியை இறக்கி வைத்து ஓட்டுகிறவர்கள் சரிவை இன்னும் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடி தட்டும்.

திசைக்குத்தான் ரொம்ப மண்டையை உடைத்தேன். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேற்கத்திக் காற்று சாமானியப்பட்டதல்ல. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மாவா? ஷட்டரை மேற்கே வைத்தால் கார்புரேட்டரைப் பிரித்து மேசையில் பரப்பிய அன்றைக்கு ஊர்ப் புழுதி அத்தனையும் உள்ளே வந்துவிடும். சரி, கிழக்கே வைக்கலாம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பக்கத்திலிருந்து சாய்த்து அடிக்கும். இரண்டில் மழையைத் தடுப்பது சுலபம். ஷட்டர் கிழக்கே, அதற்கு மேல் ஆறடி நீட்டிய ஷேடு, வாசலில் குறுக்கே இரும்புச் சட்டம் போட்ட வாய்க்கால். மேற்குச் சுவரில் ஜன்னலே இல்லை, உச்சியில் சின்ன வென்டிலேட்டர்கள் மட்டும்.

கூரைக்கு கான்கிரீட் யோசித்தேன். நடுவில் தூண் இல்லாமல் இருபத்தாறுக்கு இருபத்துநாலு அடி வேண்டும் என்றதும் எஞ்சினியர் சொன்ன பீமின் உயரத்தைக் கேட்டு அந்த நினைப்பை விட்டேன். இரும்புச் சட்டத்தால் ஆன ட்ரஸ், மேலே இரண்டு தகட்டுக்கு நடுவில் நுரை வைத்த பஃப் பேனல். வெறும் தகர ஷீட் மலிவுதான், ஆனால் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடுகிற மே மாதத்தில் அதன் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு சைலன்சர் கழற்ற முடியாது. காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுவதைவிட மேலிருந்து உறிஞ்சித் தூக்குவது அதிகம், அதுவும் ஓரங்களில். அதனால் ஓரத்துப் பேனல்களில் மட்டும் ஸ்க்ரூவை நெருக்கமாக அடிக்கச் சொன்னேன். ட்ரஸ்ஸின் காலை, தூணுக்குள் முன்பே புதைத்த போல்ட்டில் பூட்டினோம்.

உயரக் கணக்கு எளிது. லிஃப்ட் வண்டியின் அடிப்பாகத்தை ஆறடிக்குத் தூக்கும். அம்பாசிடர் ஐந்தேகால் அடி உயரம். கூட்டினால் பதினொன்றேகால். ட்ரஸ்ஸின் அடி பதிமூன்று அடியில் நிற்கிறது. இன்றைக்கு லிஃப்ட் வாங்கக் காசில்லை என்பவர்களும் இந்த உயரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

லிஃப்டா பள்ளமா என்பதில் பாயோடு பெரிய வழக்கு நடந்தது. பாய் மேலப்பாளையத்துக்காரர், அப்பா காலத்திலிருந்து எங்கள் அம்பாசிடரைப் பார்க்கிறவர். "பள்ளத்துல நின்னுதான் தம்பி நான் தொழில் படிச்சேன். அஞ்சடி வெட்டு, ரெண்டரை அடி அகலம், மேல பலகை போட்டு மூடு. லிஃப்டுக்குக் கொடுக்கிற காசுல இன்னொரு வண்டி வாங்கலாம்" என்றார். காசு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. டேங்க்கில் ஒரு சொட்டுக் கசிவு இருந்தாலும் அது போய்த் தேங்குகிற இடம் பள்ளம்தான், அங்கே ஒரு கை விளக்கு உடைந்தால் போதும். எங்கள் மனையில் கார்த்திகையில் தோண்டிய குழியெல்லாம் தண்ணீர் ஊறும் என்பது வேறு. பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? இரண்டு தூண் லிஃப்ட், நான்கு டன் தாங்குவது, வாங்கினேன். கான்கிரீட் போட்டு 28 நாள் முழுக்கத் தண்ணீர் காட்டிய பிறகே ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போடவிட்டேன்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டிக்கொள்ள ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கும். பத்து சென்ட் என்பது 4356 சதுர அடி, அதனால் எனக்கு அது பொருந்தவில்லை, வழக்கமான வழியில் பிளான் போட்டுக் கொடுத்தேன். பிளானில் சொந்த வாகனம் நிறுத்துமிடம் என்று தெளிவாக எழுதியிருந்தது. மும்முனை மின்சாரத்துக்கு எழுதிப் போட்டபோது, தொழிலுக்கா என்று கேட்டார்கள். வெளி வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு தொட்டால் அது தொழில், வீட்டு இணைப்பில் அதைச் செய்யக் கூடாது. நண்பர்கள் வண்டியோடு வருகிறார்கள். காப்பி குடித்துவிட்டு, என் ஸ்பேனரை எடுத்து அவர்களே பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

வயரிங்கில் ஒரு பிளக் பாயின்ட்கூட நாலடிக்குக் கீழே இல்லை. வெள்ளம் ஒரு காரணம், தரையோடு தவழும் பெட்ரோல் ஆவி இன்னொன்று. அந்த ஆவி வெளியேற ஷட்டருக்கு இரு பக்கமும் தரை மட்டத்தில் திறப்பு விட்டு, பாம்பு, எலி நுழையாத அளவுக்குப் பொடிக் கண் வலை அடித்திருக்கிறது. மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், ஈரத் தரையில் கிரைண்டர் பிடிக்கிறவன் உயிர் அதில் இருக்கிறது. எர்த்துக்குக் கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்தோம். கோடையில் கரிசல் வெடித்தால் எர்த் கம்பியைச் சுற்றியும் மண் விலகும், அதனால் அந்தக் குழிக்கும் செடிக்கு விடுவது மாதிரி தண்ணீர் விடுகிறேன். விளக்குகளை வண்டிக்கு நேர் மேலே போடாமல் இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டேன். பானெட்டைத் திறந்தால் நம் தலையின் நிழல் எஞ்சின் மேல் விழாது.

கம்ப்ரஸர் காற்றுக்குப் பிளம்பர் பிவிசி பைப் போடலாம் என்றார், தண்ணீர்க் குழாய் மிச்சம் இருந்ததாம். வேண்டவே வேண்டாம். அழுத்தத்தில் பிவிசி உடைந்தால் கண்ணாடிச் சில்லு போலச் சிதறும். ஜிஐ பைப் போட்டு, கடைசி முனையை நோக்கி லேசாகச் சரித்து, அங்கே ஒரு வடிகால் வால்வு வைத்தோம். ஒவ்வொரு இறக்கக் குழாயும் பெரிய குழாயின் மேல் முதுகிலிருந்து வளைந்து இறங்குகிறது. அப்படி எடுத்தால் உள்ளே சேரும் ஈரம் பெயின்ட் கன்னுக்கு வராது. மழைக் காலத்தில் கம்ப்ரஸர் டேங்க்கைத் திறந்துவிட்டால் வருகிற தண்ணீரைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

மேசைக்குப் புதுச் சாமான் எதுவும் வாங்கவில்லை. இடித்த வீட்டு உத்தரங்கள் இரண்டு கிடைத்தன, இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கால் வைத்து மேலே தகடு அடித்தாயிற்று. பெஞ்ச் வைஸ் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஸ்பேனர்தான் இரட்டைச் செலவு. அம்பாசிடரின் பழைய எஞ்சின் ஆங்கிலேய வழி வந்தது, போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. மாருதி முழுக்க மில்லிமீட்டர். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பேனரை அரை அங்குல நட்டில் மாட்டித் திருகினால் முனை உருண்டுவிடும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான். அதனால் இரண்டு செட்டையும் இரண்டு சுவரில் தனித்தனியாக மாட்டியிருக்கிறேன், அங்குலத்துக்குச் சிவப்பு பெயின்ட். பாய் ஒருவர் மட்டும் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்.

தரைக்கு எபாக்சி இன்னும் அடிக்கவில்லை. ஒரு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், அடியில் வியர்த்திருந்தது. ஈரம் ஏறுகிற வரைக்கும் எபாக்சி அடித்தால் கொப்புளித்து உரியும். கடப்பா கல் போடச் சொன்னவர்களும் உண்டு. டிராலி ஜாக்கியின் சின்ன இரும்புச் சக்கரத்தில் மொத்த எடையும் இறங்கும்போது அது கீறிப் போகும் என்பதால் நான் பக்கமே போகவில்லை.

எதிர்பாராத எதிரி மயில். ஷட்டர் திறந்திருந்தால் உள்ளே வந்து, பாலிஷ் போட்ட கார்க் கதவில் தன் உருவத்தையே இன்னொரு மயில் என்று நினைத்துக் கொத்துகிறது. இப்போது பருத்தித் துணி உறை போட்டு வைக்கிறேன். தார்ப்பாய் போட்டால் உள்ளே ஈரம் தங்கித் துருப் பிடிக்கும். கழிவு ஆயில் கேனில் சேர்கிறது, பாய் எடுத்துப் போய் ஆயில் சேகரிக்கிறவரிடம் கொடுக்கிறார். எங்கள் ஓடை குளத்துக்குத்தான் போகிறது, மண்ணில் கொட்ட மனசு வராது. ஷட்டர் ஓரத்தில், வெளியே ஓடுகிற வழியில், தீயணைக்கிற ஆறு கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் தொங்குகிறது. உள் மூலையில் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்கப் போக வேண்டியிருக்கும்.

லிஃப்டில் முதலில் ஏறியது அம்பாசிடர். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரப்பர் ஹோஸ்களை அது ஊறவைத்து இளக்கிவிடும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்குவதாக மாற்றினோம், பம்ப் டயஃப்ரத்தையும் சேர்த்து. பாய் வண்டிக்கடியில் நிமிர்ந்து நின்று கியர்பாக்ஸ் ஆயில் சீலைத் தட்டிப் பார்த்தார். லிஃப்ட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கியர்பாக்ஸ எறக்கணும் தம்பி, மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு ஆள் போனா பேரிங் சொல்லிவிடு" என்றார். பேரிங் வந்துவிட்டது. தை பிறந்ததும் இறக்குகிறோம்.